மூன்று செங்கல்

உண்ணாமலையின் கை நடுங்காமல் இருக்கிற இடம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. வேங்கிக்காலில் அவள் வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மல்லாட்டைக் கடலை விளைந்து இப்போது மனை போடுவதற்காகச் சமன் செய்யப்பட்டுக்கொண்டிருந்த கொல்லையின் மேற்கு மூலையில் ஓர் இலுப்பை மரம் நின்றது. அதன் தண்டில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டால் நடுக்கம் நின்றுவிடும்.

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். பதினோரு வருடம். பட்டா மாறவில்லை, மகன் அடிக்கிறான், தண்ணீர் வரவில்லை, பாதையை அடைத்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, 'உயர்திரு ஐயா அவர்களுக்கு' என்று ஆரம்பித்து அடிப்பாள். போன வருடம் மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் விரல்கள் எழுத்து மாறி மாறி விழுந்தன. பிறகு நடுக்கம் நிற்கவே இல்லை. டாக்டர் நரம்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார். மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரை தூக்கம் தந்தது, கையை அப்படியே விட்டுவிட்டது.

மரத்தை அவள் தேடிப் போகவில்லை. பங்குனியில் ஒரு நாள் வெயிலில் குறுக்கு வழியாக வீட்டுக்கு நடந்தபோது தலை சுற்றியது. விழாமல் இருக்கப் பிடித்தாள். பிடித்த கை நின்றது. அவள் தன் கையையே சந்தேகமாகப் பார்த்தாள். யாருடைய கையோ தன் தோளில் ஒட்டியிருப்பதுபோல அது அமைதியாக இருந்தது.

மறுநாளிலிருந்து விடியும்போதே வந்துவிடுவாள். மணலில் இலுப்பைப் பூ விழுந்து கிடக்கும். இன்னும் விழுந்துகொண்டிருக்கும், ஈரமாக, சின்னச் சத்தத்தோடு. வெல்லம் காய்ச்சுகிற இடத்து வாசனை. மேலே வவ்வால்கள் வீடு திரும்பிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கிழக்கே வெளுக்கும்போது மலையின் உச்சி மட்டும் முதலில் நிறம் மாறும். பட்டையின் வெடிப்புகளில் விரல்களைப் பொருத்திக் கண்ணை மூடிக்கொள்வாள்.

மரம் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் பெரிய விஷயம். பதினோரு வருடமாக எல்லோரும் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சும்மா இருக்கிற ஒன்றின் பக்கத்தில் சும்மா இருப்பது இவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது சில நாள் தன்னை அறியாமல் பாடிக்கொண்டு வருவாள்.

"இன்னா, காலங்காத்தால மாப்பிள்ளையப் பாத்துட்டு வந்தாச்சா?" என்பான் அவள் கணவன் சக்கரபாணி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வேனைத் துடைத்துக்கொண்டே கேலி பேசுவான்.

"ஆமா. உங்கள மாரி தொணதொணன்னு பேசறதில்ல அவரு."

அந்த நாட்களில் தன்னை வேறு யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம் மரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. கொல்லையின் முகப்பில் 'பசுமைச் சோலை நகர்' என்று பலகை வைத்திருந்தார்கள். அதற்காக வேம்பு, பனை, புங்கம் எல்லாவற்றையும் ஏற்கெனவே தள்ளியாகிவிட்டது. மனை போடுகிற மணிவேல் கையில் வரைபடத்தோடு நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது. எப்போதும் சிரித்த முகம்.

"இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுங்களே," என்றாள் உண்ணாமலை.

"மேடம், இது இருபத்தேழாம் நம்பர் பிளாட்டு. கிழக்கு பாத்த மனை. நடுவுல மரத்த வச்சிக்கினு யார் வாங்குவா சொல்லுங்க? வவ்வால் வேற ஜாஸ்தி."

"எத்தினி வருசத்து மரம்..."

"அதனாலதான் கட்டைக்கு ஆள் வந்துட்டாங்க. வெள்ளிக்கிழம மிஷின் வருது." அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினான். "மேடத்துக்கு மரம்னா ரொம்ப இஷ்டம்போல. வீட்ல ஒரு மணி பிளான்ட் வச்சிக்கோங்க. பாட்டில்லயே வளரும்."

அன்று கடையில் உட்கார்ந்து, முதல் முறையாகத் தன் பெயரில் ஒரு மனு அடிக்கப் பார்த்தாள். 'உயர்திரு' என்ற சொல்லைத் தாண்ட விரல்கள் விடவில்லை. விட்டிருந்தாலும், ஒரு மனு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நடந்துபோக எத்தனை மாதம் ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியலில், வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கலில் மூன்றை எடுத்துக் கழுவினாள். மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். மரத்தடியில் வரிசையாக நட்டு வைத்து, பெட்டியில் கிடந்த சிவப்பு ரவிக்கைத் துணியைத் தண்டில் சுற்றிக் கட்டினாள். பெயிண்ட் குறி துணிக்குள் மறைந்தது. விளக்கோ கற்பூரமோ வைக்கவில்லை. மரத்தடியில் நெருப்பு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஒன்பது மணிக்குப் பொக்லைன் வந்தது. ஓட்டுநர் கீழே இறங்கினான். செங்கல்லைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான்.

"நேத்து இது இல்லியேப்பா," என்றான் மணிவேல்.

"நேத்து இல்ல, இன்னிக்கு இருக்குதுன்னா இன்னா சார் அர்த்தம்? அம்மா வந்துட்டான்னு அர்த்தம். நான் புள்ள குட்டிக்காரன். என்னால ஆவாது."

வீட்டு மாடியிலிருந்து உண்ணாமலை பார்த்துக்கொண்டிருந்தாள். மணிவேல் குனிந்து ஒரு செங்கல்லை விரலால் தொட்டான். மஞ்சள் இன்னும் காயவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு வீடுகள் இருக்கும் பக்கம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சிரித்தான். நல்ல யோசனை ஒன்று வந்தவனின் சிரிப்பு.

முதல் ஆளாகப் பால் கொண்டுவந்து ஊற்றியவள் கன்னியம்மாள். நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள், உண்ணாமலை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. "நான்தான் தெனமும் பாத்தேனே," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "இந்தப் பொண்ணு விடியக்காலம் வந்து கண்ண மூடிக்கினு, மரத்தக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கும். அப்பவே நெனச்சேன். பேரப் பாரு, உண்ணாமல. பெரிய கோயில் அம்மா பேரு. சும்மாவா வச்சாங்க?"

ஆடி பிறந்ததும் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கி கட்டினார்கள். வவ்வால்கள் இரண்டாம் நாளே போய்விட்டன. குழந்தை வேண்டியவர்கள் கிளைகளில் தொட்டில் கட்டினார்கள். கட்ட இடம் கிடைக்காதவர்கள் தண்டில் ஆணி அடித்து மாட்டினார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். தண்டின் ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கறுத்தது. கறுத்த இடத்தில் ஒரு முகம் தெரிவதாக யாரோ சொன்னார்கள். அதன்பிறகு அந்த இடத்திலேயே ஏற்றினார்கள். ஆவணியில் முகப்புப் பலகை மாறியது. 'ஸ்ரீ இலுப்பையம்மன் நகர்'. மணிவேல் இப்போது அவளை மேடம் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றான்.

புரட்டாசியில் மேடை போட்டார்கள். நாலு அடி உயரத்தில் கான்கிரீட், மேலே வழவழப்பான டைல்ஸ். தண்டைச் சுற்றி ஒரு விரல்கூட இடைவெளி விடாமல் கொத்தனார் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தபோது உண்ணாமலை ஓடினாள்.

"வேருக்குத் தண்ணி எப்டிப் போவும்?"

"அம்மாளுக்குத் தண்ணி எதுக்குமா," என்றார் அவர் தலை நிமிராமல். "அதான் பாலே வருதே."

மேடைக்கு மேல் எவர்சில்வர் கம்பி வேலி வந்தது. வேலிக்குப் பூட்டு வந்தது. சாவி கன்னியம்மாளின் இடுப்பில் தொங்கியது. தொட்டால் தீட்டாம், யாரும் தொடக் கூடாதாம்.

உண்ணாமலையின் நடுக்கம் இப்போது தோள்பட்டை வரை ஏறியிருந்தது. சக்கரபாணிக்குப் பாவமாக இருந்தது. "ஊர்ல வேற மரமா இல்ல? நல்லதா ஒண்ணு பாத்துக்கோயேன், உண்ணா," என்றான். அவளும் போய்ப் பார்த்தாள். கடைக்கு நேர் எதிரே சாலையோரம் ஒரு புங்கம் இருந்தது. மத்தியான நேரத்தில் அதில் கை வைத்தாள். கண்ணை மூடினாள். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் அடங்க ஆரம்பித்தன. கண்ணைத் திறந்தபோது, மனு கொடுக்க வந்த ஒரு கிழவர் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

அன்று மாலை கன்னியம்மாள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தபோது உண்ணாமலை போய் முன்னால் நின்றாள்.

"யக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தச் செங்கல்ல நான்தான் வச்சேன்."

"தெரியும்," என்றாள் கன்னியம்மாள், கையை வாளியிலிருந்து எடுக்காமல்.

"தெரியுமா?"

"மாடு அவுக்க வந்தவ பாத்துக்கினுதானே இருந்தேன். நீதான் கழுவன, நீதான் வச்ச. ஒன்ன வைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. மரத்த வெட்டக் கூடாதுன்னு நானா..."

"அதாம்மா நானும் சொல்றேன். வெட்டக் கூடாதுன்னு ஒருத்தி நெனச்சா. ஒன் கையால செஞ்சிக்கினா." கன்னியம்மாள் ஈரக் கையோடு நிமிர்ந்தாள். அவள் பார்வையில் அன்பும் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. "எதுக்கு உனுக்கு மட்டும் கை நடுங்குதுன்னு யோசிச்சிப் பாத்தியா?"

உண்ணாமலை திரும்பி நடந்தாள். கலெக்டருக்கு மனு எழுதலாம், மேல்முறையீடு செய்யலாம். இதற்கு எங்கே போவது?

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஊரில் உள்ள மரமெல்லாம் கறுத்துச் செழித்தபோது இலுப்பை மட்டும் இலை உதிர்த்தது. மாசியில் உதிர்க்கிற மரம் அது. மழைக்காலத்தில் உதிர்க்காது. டைல்ஸ் மேல் மஞ்சள் இலைகள் ஒட்டிக் கிடந்தன. அம்மாளுக்கு ஏதோ கோபம் என்று பேசிக்கொண்டார்கள். கோபம் தணிய நெய்விளக்கை ஐம்பத்தொன்றிலிருந்து நூற்றெட்டாக்கினார்கள். வேலிக்கு வெளியே நின்று உண்ணாமலை தண்டைப் பார்த்தாள். கறுப்பு இப்போது மார்பளவு ஏறியிருந்தது. ஆணி அடித்த இடங்களிலிருந்து பால் வடிந்து காய்ந்திருந்தது.

கார்த்திகை பிறந்ததும் ஒரு வேனில் கொப்பரை ஒன்று வந்து இறங்கியது. செப்புக் கொப்பரை, ஓர் ஆள் உள்ளே உட்காரலாம். மேடையில் மரத்தண்டுக்கு இரண்டடி முன்னால் அதை வைத்தார்கள்.

"தீபத்தன்னிக்கு மலையில ஒண்ணு, நம்ம நகர்ல ஒண்ணு," என்றான் மணிவேல். "மலையில ஏத்துற அதே நேரம். வேற எந்த நகர்லயும் கெடையாது."

"நெருப்பு கெளைய புடிக்கும்ங்க. காஞ்சி நிக்குது. ஒரேயடியா போயிடும்," என்றாள் உண்ணாமலை.

"அம்மாளுக்கு நெருப்பு ஆவாதாக்கா?" என்று சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

தீபத்தன்று ஊருக்குள் எள் விழ இடமில்லை. வேங்கிக்காலிலும் நானூறு பேருக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். அவரவர் கையில் அகல். உண்ணாமலை மதியத்திலிருந்தே வேலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது நாளாக அவள் அந்த மரத்தைத் தொடவில்லை. கம்பி அவள் கையில் கிடுகிடுவென்று சத்தம் போட்டது. கொப்பரை நிறைய நெய். அதில் ஊறிய துணித்திரி ஒரு பெரிய மலைப்பாம்புபோலச் சுருண்டு கிடந்தது.

ஆறு மணிக்கு மலையுச்சியில் ஒரு பொறி தெரிந்தது. அது ஆடி, நின்று, சுடரானது. நானூறு தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. நானூறு குரல்கள் அரோகரா என்றன. உண்ணாமலை மட்டும் மரத்தின் பக்கமே முகம் வைத்திருந்தாள். மணிவேல் பந்தத்தைப் பற்றவைத்துக்கொண்டு மேடையேறுவதை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

நடுக்கம் கையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து தாடைக்கும் போனது. பல் அடித்துக்கொண்டது. கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. முழங்கால் மடங்கியது. யாரோ அவளைத் தாங்க வந்தார்கள். கன்னியம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க. நவுருங்க எல்லாரும். வந்துட்டா."

அரோகரா சத்தம் பாதியில் நின்றது. அவளைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது. அந்த வட்டத்தில் நின்ற சக்கரபாணிதான் முதலில் வாய் திறந்தான். "அவளுக்கு ஒடம்பு சரியில்லீங்க, மாத்திர..." பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மாத்திரை அவள் பையில் இருந்தது. ஆமாம், உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். பந்தத்தின் சுடர் திரிக்கு ஒரு முழம் மேலே நின்றிருந்தது. மணிவேலும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய நிரந்தரச் சிரிப்பு அப்போது அங்கே இல்லை.

"சுடுது," என்றாள்.

"இன்னா தாயே?"

"சுடுதுடா." குரல் அவளுடையதாகத்தான் இருந்தது. அவர்கள் காதில் வேறு யாருடையதாகவோ விழுந்தது. "கால்ல கட்டு போட்டீங்க. மூச்சு முட்டுது. ஒடம்பெல்லாம் ஆணி. நெருப்ப எடு."

மணிவேல் மேடையிலிருந்து இறங்கி, பந்தத்தை மணலில் குத்தி அணைத்தான். பிறகு அத்தனை பேர் முன்னால், அவள் காலில் விழுந்தான்.

மறுநாளே கடப்பாரைகள் வந்தன. மேடையை உடைத்தார்கள். வேலியைப் பிடுங்கினார்கள். ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறடு வைத்து இழுத்தார்கள். கொப்பரையை வேன் ஏற்றினார்கள். சிமென்ட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்த மண் வெளிறி, நாற்றமெடுத்துக் கிடந்தது. அன்று மாலை அதன்மேல் மழை பெய்தது. உண்ணாமலை சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரபாணி தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுவந்து வைத்தான்.

"எடுத்துக்கோங்க," என்றான்.

"இன்னாங்க இது, புதுசா?" என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய், வேனைத் துடைக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் அவளைக் கேலி செய்யவே இல்லை.

ஆள் நடமாட்டம் ஓயட்டும் என்று, அடுத்த வெள்ளிக்கிழமை வந்தும் அவள் மரத்துக்குப் போகவில்லை. பொழுது சாயும்போது கன்னியம்மாள் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை.

"ஜனம் காத்துக்கினு கெடக்குது. நீ வரல. அன்னிக்குச் சொன்னது நெசமாத்தானான்னு கேக்குறாங்க. மணிவேலு, மேடைய மறுபடியும் போட்டுடலாமான்னு கேக்குறாரு."

அவள் போனாள். மரத்தடியில் யாரும் இல்லை. எல்லோரும் தள்ளி, வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நேராக மரத்திடம் நடந்து இரண்டு கையையும் பதித்தாள். நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு. பட்டை ஈரமாக இருந்தது. தோள் அடங்கியது, முழங்கை அடங்கியது, விரல்கள் அடங்கின. கண்ணில் நீர் வந்தது. பின்னால் இருந்த அத்தனை பேரையும் அவள் மறந்துபோனாள்.

அரை மணி நேரம் போயிற்று. முணுமுணுப்பு கேட்டது. "இன்னும் வரலியே." "சும்மா நிக்குது பாரு." "கூப்பிட்டாத்தானே வரும், சூடம் ஏத்துங்க." தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. அவள் காலுக்குப் பக்கத்தில், பழைய கறுப்புக்குக் கீழே, கற்பூரம் எரிந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: கை நின்றால் நெருப்பு வரும். கையை எடுத்தாள். இரண்டடி பின்னால் வந்தாள். நடுக்கம், வீட்டு நாய்போல, உடனே வந்து சேர்ந்தது. கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. யாரோ ஓடிவந்து கற்பூரத்தை மண்ணள்ளிப் போட்டு மூடினார்கள்.

இப்போது பங்குனி. இலுப்பை மாசியில் மீண்டும் ஒருமுறை மொட்டையாகி, கிழக்குப் பக்கக் கிளைகளில் மட்டும் செம்பு நிறத்தில் துளிர்த்திருக்கிறது. மேற்குப் பக்கம் இன்னும் தெரியவில்லை. பூ விழுகிறது. இரண்டு வவ்வால்கள் திரும்பி வந்திருக்கின்றன. மனு டைப் அடிக்கும் கடையை மூடியாகிவிட்டது. வெள்ளிதோறும் ஜனம் இங்கேயே வந்து, மரத்துக்கு முன்னால் அவளுக்கென்று விட்டிருக்கும் மணல் வட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, பட்டா மாறவில்லை, மகன் அடிக்கிறான், தண்ணீர் வரவில்லை என்று சொல்கிறார்கள். அவள் நடுங்கிக்கொண்டே கேட்கிறாள். விடியற்காலையில்கூட அந்த இடம் காலியாக இருப்பதில்லை. யாராவது ஒருவர் படுத்திருக்கிறார்கள்.

வட்டத்திலிருந்து தண்டு இரண்டு எட்டுத் தூரம். கை நீட்டினால் எட்டாது. எட்டுகிற மாதிரி அவள் நிற்பதும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை, ஒரு பெண் தன் கதையைச் சொல்லி அழுதுகொண்டிருந்தபோது, உண்ணாமலையின் வலது கால் பெருவிரல் மணலுக்கு அடியில் எதையோ தொட்டது. கட்டியாக, சொரசொரப்பாக, குளிர்ச்சியாக. வேர். மேடைக்கு அடியில் புழுங்கிக் கிடந்து, இப்போது மறுபடியும் மேலே வந்துகொண்டிருக்கும் வேர். விரலை அதன்மேல் மெதுவாக வைத்தாள். பாதத்திலிருந்து அந்தச் சும்மா இருத்தல் ஏறி வந்தது. முழங்கால் வரை, இடுப்பு வரை. இடது கை நின்றது. ஒரு பூ தோளில் விழுந்து ஒட்டிக்கொண்டது. ஒரு மூச்சு நேரம், போன வருடத்து விடியற்காலை முழுவதும் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது.

நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாள் மட்டும் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்ணாமலை விரலை எடுத்துக்கொண்டாள்.